இரண்டு பேருக்கு ஒரு வருஷம்

இன்பம் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் பழைய சாக்கு ஒன்றை விரித்து, அரிவாள்மணையைக் காலுக்கடியில் அமர்த்தி, ஒவ்வொரு சுளையாகக் கீறிக் கொட்டையை ஒரு பக்கமும் நாரை ஒரு பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தது. நாலு மணி ஷிப்டுக்கு மில் சங்கு ஊதி ஓய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கொட்டை எடுத்த புளியே கடையில் கிடைக்கும். அதற்கு விலை கூட. கொட்டையோடு வாங்கினால் அந்த வித்தியாசமும் மிச்சம், கொட்டையை எடைக்கும் போடலாம். விரல் நுனி இரண்டு நாளைக்கு எரியும், அவ்வளவுதான். எரிச்சலுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

எல்லா வருஷமும் பங்குனியில் செய்கிற வேலைதான். ஆனால் எப்போதும் ஐந்து கிலோவோடு முடிந்துவிடும். இந்தத் தடவை பத்து கிலோ.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடமொன்றில் இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தவள் இன்பம். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, படியேறினால் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும் நாற்பத்தேழாவது வயதில் நின்றுகொண்டாள். அதற்கு முன்பே அம்மா ஆறு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்திருந்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வீட்டுக்கு வந்தது. இரண்டு முறையும் அம்மாவின் கட்டிலைப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனது. தம்பி வில்சன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அப்பா விட்டுப்போன வீட்டில் இரண்டு அறையும், மலையடிவாரத்து மாந்தோப்பில் பாதிப் பங்கும் இவளுக்கு.

தோப்புக் குத்தகைப் பணம் வருஷத்தில் ஒரே ஒரு தடவை வரும். மாசிக் கடைசியில், பூ பிஞ்சாகி நின்றதைப் பார்த்துவிட்டுக் குத்தகைக்காரர் கொண்டுவந்து கொடுப்பார். அவள் பங்கு நாற்பத்தெட்டாயிரம். அரசாங்கம் மாதாமாதம் போடுகிற ஆயிரம் கரண்டுக்கும் சிலிண்டருக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகும். மற்ற எல்லாம் அந்த ஒற்றைப் பணத்துக்குள்தான்.

அதற்கு இன்பம் ஒரு வழி வைத்திருந்தாள். பணம் வந்ததும் முதலில் வேதக்கோயிலுக்குத் தசமபாகத்தை, பத்தில் ஒரு பங்கை, எடுத்து வைத்துவிடுவாள். பிறகு பத்து நாளைக்குள் பெரும்பகுதியைச் சாமானாக மாற்றிவிடுவாள். அரிசி, புளி, மிளகாய், மல்லி, பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய், சோப்பு வரைக்கும். காசு கையிலிருந்தால் கால் முளைத்துப் போய்விடும், அரிசியாக இருந்தால் நாம் எடுத்துப் போட்டால்தான் போகும் என்பது அவளுடைய கணக்கு. அறுவடை ஓய்ந்த சமயத்தில் விலையும் இறங்கியிருக்கும். வெயிலில் காயவைத்து, டின்னில் அடைத்து, மூடியைத் துணி சுற்றி இறுக்கிவிட்டால் அந்த வருஷம் அவளுக்கு முடிந்த மாதிரி. இனி அதைத் தின்று தீர்க்க வேண்டியதுதான் பாக்கி.

சோப்பை நூலால் மூன்றாக அறுத்துத்தான் வைப்பாள். காப்பி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஒரு தம்ளர். இருட்டினால் ஒரு விளக்கு. அவள் எந்த அறையில் இருக்கிறாளோ அந்த அறைக்கு விளக்கு. இதையெல்லாம் கஷ்டம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை.

தை மாதம் வில்சன் போன் பண்ணினான். அவன் மகள் ஆஷிகா மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்துவிட்டாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது.

"புள்ள உங்கூட இருக்கட்டும்க்கா. தெனமும் பஸ்ல போய் வந்துருவா."

"இருக்கட்டும்" என்றாள் இன்பம். போனை வைத்த பிறகு, அந்த ஒரு சொல்லை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஷிகா வந்து இறங்கிய அன்றைக்கே குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அத்தை, சோப்பை எலி தின்னுருச்சா?"

"அது ஒரு துண்டு. ஒரு சோப்பை மூணா அறுக்கிறதுட்டி."

"லாட்ஜுல கூட இதைவிடப் பெருசா குடுப்பாங்கத்தை."

மறுநாள் இன்பம் முழு சோப்பு ஒன்றைக் குளியலறையில் வைத்தாள். ஒரு வாளித் தண்ணீர் என்று முதல் வாரம் சொன்னதை இரண்டாவது வாரம் சொல்லவில்லை. ராத்திரி மின்விசிறி விடிகிறவரைக்கும் ஓடியது. கால் லிட்டர் பால் அரை லிட்டர் ஆயிற்று. முதல் சம்பளத்துக்கு ஆஷிகா கால் கிலோ பால்கோவா வாங்கி வந்தாள். அதை ஒன்பது நாள் வைத்துக் கிள்ளிக் கிள்ளித் தின்றாள் இன்பம்.

"அத்தை, இது புளிச்சுப் போச்சு. நீங்க எங்க லேபுக்குத்தான் வரப்போறிய."

அந்தப் பெண் சாயங்காலம் வந்து கால் நீட்டி உட்கார்ந்தால் கதை நிற்காது. ஊசியைப் பார்த்ததும் சாய்ந்துவிட்ட போலீஸ்காரர், சர்க்கரை பார்க்க வந்த இடத்தில் வடை தின்றுகொண்டே வரிசையில் நின்ற பெரியவர். அந்தப் பெரியவரின் கதையில் இன்பம் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ஏட்டி இன்பம், யாரது உங்க வீட்ல சிரிக்கிறது?"

"நாந்தான்க்கா."

"நீயா? முப்பது வருசமா பக்கத்துல இருக்கேன். இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லையே."

காலையில் நாலரைக்கெல்லாம் அடுத்த அறையில் பல் தேய்க்கிற சத்தம், வளையல் சத்தம், தலையில் கிளிப் மாட்டுகிற சத்தம். இன்பம் விழித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறு மணிக்கே வந்துவிடுவார்களாம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் அந்நேரத்துக்குக் கிடையாது. காசு கொடுத்துப் போகிற பஸ்ஸைப் பிடிக்க, இருட்டில் நாய் குரைக்கக் குரைக்க அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாகப் போவாள். தெருமுனை வரைக்கும் இன்பம் கூடப் போய் நின்றுவிட்டு வருவாள். திரும்பி வரும்போது மூச்சு விசிலடிக்கும்.

இப்படி எட்டு வாரம். அதற்குள் குத்தகைப் பணமும் வந்தது.

பிச்சையம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இன்பம் கடைக்குப் போனாள். நவநீதகிருஷ்ணன் கடையில் பதினைந்து வருஷமாக ஒரே அளவு. சீட்டை நீட்டாமலேயே அவர் எடை போட ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு இன்பம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்த வருசம் எல்லாம் ரெட்டையா போடுங்க அண்ணாச்சி."

"என்னம்மா, கல்யாணச் சாப்பாடா? எனக்குச் சொல்லவே இல்ல?"

"வீட்ல ரெண்டு பேரு" என்றாள் இன்பம். எத்தனையோ வருஷமாக அவள் வாயில் வராத வாக்கியம். சொல்லிவிட்டு, மிளகாய்ச் சாக்கைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் பிச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள். "சின்னஞ்சிறுசு. நாளைக்கு எந்த ஊரு, எந்த வேலைன்னு யாரு கண்டா? ஆறு மாசத்துக்கு வாங்கு, போதும்."

"ஆறு மாசம் கழிச்சு இந்த வெலைக்கு யாரு தருவா? ஐப்பசியில மிளகாயை எட்டிப் பாக்க முடியுமா?"

"வெலையைப் பத்தியா நான் பேசுதேன்?"

"பொறவு எதைப் பத்தி?"

பிச்சையம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். "ஒண்ணுமில்ல, நட" என்றாள்.

இரண்டு பேருக்கு வாங்கியதில் கையில் நிற்க வேண்டிய பணமும் போயிற்று. கிறிஸ்துமஸ் சேலையை இந்த வருஷம் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவதையும். அது ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு சட்டி வைத்துச் சமாளிக்கலாம்.

இன்று காலை, ஆஷிகா வேலைக்குப் போன பிறகு, எல்லாம் வந்து இறங்கியது. சோழபுரம் கருத்தையா தன் வயல் அரிசியைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்தார். இரண்டு மூட்டை. வரும் வழியில் கடைச் சாமானையும் ஏற்றி வந்திருந்தார். அடுப்படியில் வைத்ததுபோக இடமில்லாமல், மல்லியையும் மிளகாயையும் ஆஷிகா படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் சாத்தியிருந்தது. மத்தியானம் இன்பம் புளிக்கு உட்கார்ந்தாள்.

ஐந்தரை மணிக்கு ஆஷிகா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்கின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வழக்கமான கதை வரவில்லை. கொட்டையைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் குவியலில் போடுவது என்று பார்த்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எங்கூட வேலை பாக்குற எலினா இருக்கால்ல, அவளும் இன்னொரு பொண்ணும் லேபுக்குப் பின்தெருவுலயே ரூம் எடுத்திருக்காங்க. மூணு பேரு இருந்தா வாடகை கட்டுப்படியாகும்னு என்னையும் கூப்பிடுதாங்க. அப்பாவும் சரின்னுட்டாரு."

இன்பம் கையிலிருந்த சுளையைக் கீறி முடித்தாள். "எப்ப?"

"ஒண்ணாந்தேதி."

"இன்னும் ஒம்பது நாளு இருக்கு."

"ஆமா."

புளியும் அரிவாள்மணையும் இரண்டு மூன்று முறை உரசிக்கொண்டன.

"மின்விசிறி காத்து பத்தலையா?"

"அதெல்லாம் இல்லத்தை."

"ஒரு வாளித் தண்ணின்னு சொன்னது மொத வாரந்தான். பொறவு நான் வாயத் தொறக்கல."

"ஐயோ, அத்தை."

"கொழம்புல காரம் கூடவா? கொறச்சுக்கிடலாம்."

"பஸ்ஸுதான் அத்தை. சத்தியமா பஸ்ஸுதான். நாலரைக்கு எந்திரிச்சு எந்திரிச்சு ஊசி போடுறப்ப தூக்கம் வருது. நேத்து ஒரு அம்மாவுக்கு ரெண்டு தடவை குத்திட்டேன். திட்டு விழுந்துச்சு. நீங்களும் அந்த இருட்டுல தெருமுனை வரைக்கும் வாரிய. உங்களுக்கு மூச்சு வாங்குறது எனக்குக் கேக்காதுன்னு நெனைக்கியளா?"

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்று இன்பத்துக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் நன்றாக இருக்கும். தன்னுடைய கஞ்சத்தனம்தான் காரணம் என்றால், இன்றைக்கே இரண்டு விளக்கைப் போட்டுவிடலாம். தினமும் காப்பி போடலாம். பஸ்ஸை அவள் என்ன செய்ய முடியும்?

"சரி" என்றாள்.

ஆஷிகா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். சொம்பு எடுக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமில்லை. இன்பம் தலையைத் தூக்காமல் வேலையைப் பார்த்தாள். அந்தப் பெண் அடுப்படியிலிருந்து உள்ளறைக்குப் போனாள். சாக்கு ஒன்றின் வாயைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு தும்மல் வந்தது. திரும்பி வந்து நிலையில் நின்றாள்.

"ரெண்டு மூட்டை அரிசி எதுக்கு அத்தை?"

"வருசத்துக்கு."

"போன வருசமும் ரெண்டா?"

இன்பம் அடுத்த சுளையை எடுத்தாள். ஆஷிகா புளிக் குவியலைப் பார்த்தாள். அந்தக் குவியல் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டதுபோல இருந்தது.

"எனக்கும் சேத்தா வாங்குனிய? ஒரு வருசத்துக்கா?"

"கெட்டுப் போற சாமான் ஒண்ணுமில்ல. கெடக்கும்."

"நான் அப்பாகிட்டச் சொல்லி அந்தக் காசை…"

"காசை யாரு கேட்டா? உக்காரு. சாதம் வடிச்சு வச்சிருக்கேன்."

ஆஷிகா உட்காரவில்லை. இருபத்தோரு வயதுப் பெண். அழுகை வருகிற முகம், ஆனால் அழவில்லை. எதிரே வந்து குந்தி உட்கார்ந்து, அத்தையின் கையிலிருந்த புளியை மெதுவாக வாங்கிச் சாக்கில் வைத்தாள். இன்பத்தின் விரல்கள் பழுப்பேறி, நுனி வெடித்திருந்தன.

"வாங்குறதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லத்தை?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கிற குரல். பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேட்டால் இல்லை என்றும் வரலாம். அதனால்தான் கேட்கவில்லை. இன்பத்துக்கு அது நன்றாகத் தெரியும். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இருந்ததை வைத்து ஓட்டிவிட்டாள். இதைச் சொல்லிவிடலாம்தான். ஒரு வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்தது.

தரையில் கையூன்றி எழுந்தாள். மடியில் ஒட்டியிருந்த நாரைத் தட்டினாள். குந்தியிருந்த பெண்ணைச் சுற்றி, சாக்கை மிதிக்காமல் நடந்து, கை கழுவப் போகிறவள்போலப் பின்வாசல் பக்கம் போனாள்.