கல்லுக்கு மேலே கீழ்க்குளம்

போன வாரம் ஓர் ஆற்றை மடியில் வைத்துக்கொண்டு சித்தையன்கோட்டைப் பக்கம் போனேன்.

பயப்படாதீர்கள்... லேப்டாப்தான். பைக் ஓட்டியவன் என் மச்சினன் கதிர். நீர்வள இன்ஜினீயர். எங்கள் ஆற்றுப் படுகை முழுவதையும் கம்ப்யூட்டரில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறான். குளங்கள் நீலக் கட்டங்கள். வாய்க்கால்கள் கோடுகள். யாருக்கு முதலில் தண்ணீர், யாருக்குப் பிறகு என்ற பாத்தியதையெல்லாம் நம்பர்கள். எனக்குப் புரிந்தது ஒன்றுதான் — நீலம் அழகாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், மாடலில் கீழ்க்குளம் நிறைந்து மூன்று நாளாகிறது. நேரிலோ, கொக்குக்கு முழங்கால் நனையவில்லை.

"இந்த வாரம் நடலைன்னா நெல்லு நாத்து முத்திரும் சார். அப்பறம் மாட்டுக்குத்தான்" என்றார் கீழ்க்குளத்து விவசாயி பாண்டியம்மாள்.

எந்த ஃபார்முலா தப்பு என்று கதிர் தேட ஆரம்பித்தான். மூவருமாக மேல்குளத்துக்குப் போனோம். அது ததும்பிக் கிடந்தது. உபரி நீர் வழிந்து போக அங்கே கலுங்கு என்று ஒரு கல்சுவர். ஊர்க் கணக்கு எளிது: கல்லுக்குக் கீழே நிற்பது மேல்குளத்துத் தண்ணீர், கல்லுக்கு மேலே வந்துவிட்டால் கீழ்க்குளத்துத் தண்ணீர்.

கலுங்கின் மேல் வாகாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டேன். மலைத்தொடர் தலைகீழாக மிதந்தது. ஒரு மேகம் என் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு போனது. தான் யாருடையது என்று இந்தத் தண்ணீருக்குத் தெரியுமா? கல்லைத் தாண்டுகிற அந்த நொடியில், ஒரு துளி எப்படி ஆள் மாறுகிறது? கண் சொருகியது. நானே ஒரு துளியாகி வரிசையில் நிற்கிறேன்... எனக்கு முன்னால் ஒரு மேகமே நிற்கிறது...

"சார், நீங்க உக்காந்திருக்கது எங்க தண்ணி மேல."

பாண்டியம்மாள். குனிந்து பார்த்தேன். கல் எப்படி மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? மணல் மூட்டை. கலுங்கு நெடுக வரிசையாக மூட்டைகள்.

"அது சார்மாரு உக்காரப் போட்டது தாயி" என்றார் அங்கே நின்ற மேல்குளத்து விவசாயி ராசு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"சரிண்ணே. இம்புட்டு நீளத்துக்கு எத்தன சார் வாராக?"

கதிர் மூட்டையின் உயரத்தை டேப் வைத்து அளந்தான். லேப்டாப்பில் தட்டினான். கீழ்க்குளத்துக் கட்டம் வெளுத்துப்போனது.

"மாமா, மாடல் சரியாயிருச்சு" என்று பூரித்தான்.

"மாடலுக்குச் சரியாப் போச்சு. எங்க நாத்துக்கு?" என்றார் பாண்டியம்மாள்.

ராசு திரையை எட்டிப் பார்த்தார். "தம்பி, மூட்டைய எடுத்துட்டா எங்க நெல்லு அறுப்பு வரைக்கும் தாங்குமா? அதச் சொல்லு."

கதிர் தட்டினான். "தாங்குதுண்ணே. இனிமே மழை பேயலைன்னா மட்டும் கடைசித் தண்ணி இழுபறி."

"போன வருசம் நெல்லு கருகுனதப் பாத்துட்டு பயந்துபோய்ப் போட்டது..." என்றார் ராசு, யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், செத்த எந்திரிங்க."

மூட்டையைத் தூக்கினார். அடுத்த மூட்டைக்குப் பாண்டியம்மாளும் ஒரு கை கொடுத்தார். தண்ணீர் கல்லைத் தாண்டியது... சத்தமே இல்லாமல், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல.

தண்ணீர்த் தகராறெல்லாம் உரிமையால் வருகிறது என்று நினைக்கிறோம். பாதி, பயத்தால் வருகிறது. அதற்கு எந்த மாடலில் கட்டம் போடுவது?

ஆற்றுப் படுகைக்கு நான் செய்தது என்ன என்று கேட்கிறீர்களா? எழுந்து நின்றேன்.