அப்பா என்ன பண்றாரு?

வகுப்பில் அவளுக்குப் பெயர் மெடல். புள்ளியியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். பட்டமளிப்பு முடிந்து தங்கப்பதக்கத்தோடு வெளியே வந்தவளை அப்பா தன் கழிவுநீர் லாரியிலேயே கூட்டிப்போனார். வாசலில் நின்ற கூட்டம் சட்டென்று விலகி வழிவிட்டது. பதக்கத்துக்காக அல்ல.

காப்பீட்டு நிறுவனமொன்றின் நேர்காணலில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"அப்பா என்னம்மா பண்றாரு?"

"கழிவுநீர் லாரி ஓட்டுறாரு சார்."

ஓரத்தில் இருந்தவர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேள்வியே இல்லை.

அவளுடைய நோட்டை வாங்கிப் படித்தும் மூன்று பாடத்தில் கோட்டைவிட்ட வகுப்புத்தோழன் அன்றே தேர்வானான். வகுப்பில் அவனுக்குப் பெயர் அரியர். அவன் அப்பா ஆடிட்டர்.

"உன்கிட்ட என்ன கேட்டாங்க?" என்றாள் மெடல்.

"அப்பா சௌக்கியமான்னு கேட்டாங்க. சௌக்கியம்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அதே நிறுவனத்தில் மெடலுக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. வருகிற விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றியவள் சும்மா இருக்கவில்லை. பத்து வருட விண்ணப்பங்களை அலசிப் பார்த்தாள். மதிப்பெண்ணும் வேலையும் ஒன்றையொன்று முகம் பார்த்ததே இல்லை. அப்பாவின் தொழிலும் வேலையும் நகமும் சதையுமாக இருந்தன. வரைபடம் போட்டு மேலாளரிடம் நீட்டினாள்.

"கலர் நல்லாருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

கழிவறைக்குள் போய் அழுதாள். ஐந்து நிமிடம்தான். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

அடுத்த மாதம், விண்ணப்பப் படிவத்தை ஒரே பக்கத்தில் அடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வேலை அவள் தலையில் விழுந்தது. 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தைத் தூக்கிவிட்டாள். மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடம் அதிகாரிகள் திண்டாடிப் போனார்கள். தாளில் இருப்பதைக் கேட்டே பழகியவர்கள். தாளில் இல்லாததைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வேறு வழியில்லாமல் பாடத்திலிருந்து கேட்டார்கள். மெடலும் விண்ணப்பித்திருந்தாள். பிஸ்கட்காரருக்கு அவள் முகம் நினைவில்லை. நிகழ்தகவு பற்றிக் கேட்டு, பதில் புரியாமல் பலமாகத் தலையாட்டினார். எடுத்த ஆறு பேரில் அவள் ஒருத்தி. இன்னொருத்தி தையல்காரர் மகள், ஒருவன் வாட்ச்மேன் மகன் என்பதெல்லாம் பிறகு சாப்பாட்டு அறையில் பேச்சுக்கொடுத்தபோதுதான் தெரிந்தது.

மூன்றாம் வருடம் மேலாளரின் மகன் விண்ணப்பித்தான். மேலாளர் படிவத்தோடு அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"அப்பா என்ன பண்றாருன்னு எழுத இடமே இல்லையேம்மா."

"ஒரு பக்கத்துல அடக்கச் சொன்னீங்களே சார். தம்பியோட மார்க் எழுத இடமிருக்கு."

அதைத்தான் எழுத அவருக்கு மனம் வரவில்லை. பையன் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனான்.

அடுத்த அச்சில் கட்டம் திரும்ப வந்தது; மேலாளரே பக்கத்தில் நின்று போட வைத்தார். 'விருப்பமிருந்தால் நிரப்பலாம்' என்று அதன் அடியில் பொடி எழுத்தில் அவள் சேர்த்துவிட்டாள். இப்போது பாதிப்பேர் அதைக் காலியாக விடுகிறார்கள். ஆடிட்டர் பிள்ளைகள் மட்டும் மறப்பதே இல்லை.