சங்கு ஊதாத காலை

2025 ஜூலை 14, திங்கள். 5.10-க்கு எழுந்தேன். பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டேன், குடையை எடுத்து வைத்தேன். மழையில் கரண்டு போயிருந்ததால் தேயிலை ஃபேக்டரியின் ஏழு மணிச் சங்கு ஊதவில்லை.

எனக்கு எட்டு வயதிலும் இப்படி ஒரு காலை. தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில் கடிகாரம் கிடையாது. தம்பி அம்மா மடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். சங்கு ஊதியதும் புறப்படும் எஸ்டேட் லாரியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக இருந்தது. வெளியே மூடுபனி; பொழுது தெரியவில்லை.

"ரொம்ப நேரமாயிருச்சு. தூக்கிட்டு நடந்துருவோம்," என்றாள் அம்மா.

"சங்கே ஊதல, என்ன நேரமாச்சு? பதட்டத்துல ஒனக்கு நிமிசம் மணியாத் தெரியுது," என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு பாப்பா, எம்புட்டு நேரம் இருக்கும்?"

இடையில் நான் தூங்கிப்போயிருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. "இப்பத்தானம்மா உக்காந்தோம்," என்றேன். எழப்போன அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "லாரி போயி ஒரு மணி நேரமாச்சே. கரண்டு இல்லாம சங்கு எப்படிய்யா ஊதும்?"

அப்போது தம்பிக்கு மூச்சு இல்லை.

ஜூலை 15, செவ்வாய். கரண்டு வந்திருந்தது. சங்கு ஊதும் முன்பே விழித்து, தம்பி போன நாளிலிருந்து வழக்கமாகிவிட்டபடி முதல் வேலையாக மணி பார்த்து எழுதினேன்: 5.08.