யானைக்குக் கரும்பு கொடுக்கப் போனவர்

கனடாவின் மொன்றியலில் பயண மருத்துவ உதவி ஹெல்ப்லைன் ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் விழுந்து கிடப்பவரின் வீட்டார் அழைப்பார்கள். ஃபைல் திறந்து, ஆம்புலன்ஸுக்கு அப்ரூவல் வாங்க வேண்டும். தமிழ் என்றால் லைனை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். நான் சென்னைக்காரி, வருவதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழ். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொள்வேன். என் வாய்க்கொழுப்பு!

ஒரு நவம்பர் காலை, தாய்லாந்தின் சுரின் நகரத்திலிருந்து அழைப்பு. எங்கள் ஊரின் லாசால் பகுதியில் வசிக்கும் ஓர் அம்மா, கணவரோடு யானைத் திருவிழா பார்க்கப் போயிருந்தார். அங்கே தெரு நெடுக மேசை போட்டு, பழமும் கரும்பும் குவித்து, ஊர்வலம் வரும் யானைகளுக்கு விருந்து வைப்பார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஹோட்டலில் தங்கிவிட்டார். தனியாகப் போன கணவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏற்கெனவே இதய நோயாளி. உடனே பாங்காக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"பயப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்."

"ஓம்."

"யானை மேல ஏறினாரா, என்ன ஆச்சு, நிதானமா சொல்லுங்க."

"ஓம்... ஓம்... கரும்பு குடுக்கப் போனவர், விழுந்திட்டாராம் பிள்ளை."

யாழ்ப்பாணத் தமிழில் 'ஓம்' என்றால் 'ஆம்'. 'யானைச் சவாரி: ஆம்' என்று டைப் செய்தேன். சவாரி விபத்துக்கு எங்கள் பாலிசியில் இடமில்லை. ஃபைல் நேரே ரிவ்யூவுக்குப் போய்விட்டது; அது முடியும்வரை ஆம்புலன்ஸ் கிடையாது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைத் தாய்லாந்து மொழியிலிருந்து மொழிபெயர்க்கவே இரண்டு நாள். அம்மா இரண்டு முறை கூப்பிட்டார். "சவாரி போனதால ரிவ்யூல இருக்கும்மா" என்று நானே சொன்னேன்.

மூன்றாம் நாள், பாங்காக் போகாமலே அவர் இறந்துபோனார். அன்று மாலைதான் ரிப்போர்ட் வந்தது. கூட்டம் நெருக்கியதில் நடைபாதையில் விழுந்தாராம். யானை மேல் ஏறவே இல்லை.

ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டோம். பக்கத்து மேசை வதனி யாழ்ப்பாணத்துப் பெண். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, அவ ஏறினவர் எண்டு சொல்லேல்லை. நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுறா. நீங்கள் 'ம்' கொட்டுவியளே, அதுதான் அந்த 'ஓம்'."

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டது நான்தான். அதற்குப் பிறகு எந்தப் பதிலையும் முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல் நான் டைப் செய்ததில்லை. புதிதாக வருகிறவர்களே, லைனில் எத்தனை பேர் காத்திருந்தாலும் அப்படியே செய்யுங்கள். மொழி தெரியும் என்ற மிதப்பில்தான் நான் கோட்டைவிட்டேன்.

நிறுவனம் அனுப்பிய கடிதத்தில் 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்பதோடு சரி. எனக்கு மனசு ஆறவில்லை. சூப்பர்வைசர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், லாசால் திரும்பியிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, "தப்பு என்னோடதும்மா" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவர் ஏறேல்லை, ஏறேல்லை எண்டுதான் சொன்னவர் பிள்ளை. நீங்கள் சொன்னதை நம்பி, எனக்கு ஒளிச்சு ஏறிப்போட்டுப் பொய் சொல்லுறார் எண்டு நான் அவரோடை கதைக்காமல் விட்டிட்டன். கடைசி நாள் முழுக்கக் கதைக்கேல்லை."