மூன்று நாள் சிறு தீ

என் தங்கையின் கணவர் சூளை மேஸ்திரி. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் சுடுகிற சிறு சூளைகளில் உட்சுவர் தேய்ந்துபோனால், பழைய கல்லைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருடத்தில் வேலைக்கு முன்பாக அவர் யாருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

பேட்டையில் சூளை வேலை பேசுவதற்கு ஒரு முறை உண்டு. முதலாளியும் மேஸ்திரியும் ஆறிப்போன சூளையின் முன்னால் நிற்பார்கள். முதலாளி சுவரை ஒரு தட்டுத் தட்டி, "பாத்து செஞ்சிடுங்க மேஸ்திரி" என்பார். மேஸ்திரி, "செஞ்சிடலாம்ங்க" என்பார். என்னென்ன வேலை, எது அதில் சேராது, முடிந்த பிறகு யார் எதைச் செய்ய வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், ஆரம்பிக்கும் முன்பே அபசகுனமாக வாய் வைக்கிறான் என்பார்கள். நடுவில் ஏதாவது முளைத்தால் அதற்கு ஒரே பதில், பாத்துக்கலாம். டீ வரும். ஒப்பந்தம் முடிந்தது.

முந்தின வருடம் ஒரு சூளைக்கு மேல்வளைவைப் புதிதாகக் கட்டினார். புது வளைவு ஈரம் குடித்திருக்கும். மூன்று நாள் விறகில் சிறு தீ போட்டு உலர்த்திய பிறகே எண்ணெய் பர்னரைத் திறக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அங்கே ஏதோ சரக்கு அவசரம். இரண்டாம் நாள் காலையில் பர்னரை முழுதாகத் திறந்துவிட்டார்கள். வளைவின் நடுவே விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. பேட்டையில் பரவியது ஒரே வரிதான்: மேஸ்திரி கட்டுனது நிக்கல.

நான் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் பிறர் எழுதியதைத் திருத்தியே முப்பது வருடம் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். தலைப்பு ஊர் சுற்றும், காரணம் நான்காம் பத்தியில் படிக்க ஆளில்லாமல் கிடக்கும் என்பது எனக்குப் பழகிய விஷயம். இவர் விஷயத்தில் நான்காம் பத்தியே எழுதப்படவில்லை. பத்து மாதம் பேட்டையிலிருந்து ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. வேப்பூரில் நெடுஞ்சாலை ஓட்டல்களுக்குக் கழிவறை டைல்ஸ் ஒட்டப் போனார். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஒரு பொய் அவரை அங்கே அனுப்பியது என்பதுதான் குறை.

இந்த வருடம் ஓர் அழைப்பு வந்தது. வேறு முதலாளி. சூளையின் உள்பக்கம் பெரும்பகுதி மாற்ற வேண்டும். பாங்கில் கடன் கேட்டிருப்பதால் கொட்டேஷன் எழுத்தில் வேண்டும், இன்னொரு மேஸ்திரியிடமும் கேட்டிருக்கிறேன் என்றாராம். இந்த வேலை கிடைத்து நன்றாக முடிந்தால் இவர் பெயர் பேட்டைக்குள் திரும்பும். கிடைக்காவிட்டால் மறுபடியும் வேப்பூர்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக ஒரு கொட்டேஷன் வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றி அடித்துத் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "மேற்படி வேலைகள் அனைத்தையும் தங்கள் முழு திருப்திக்கேற்ப செய்து தருகிறேன்" என்று இருந்தது.

"எந்த வேலைன்னு இல்லியே மாப்ள?"

"மேற்படின்னு போட்டிருக்காங்களே மச்சான்."

"மேல ஒன்னும் இல்ல. தேதியும் அட்ரஸும்தான் இருக்குது."

வாங்கிப் பார்த்தார்.

"சரி, அவருக்கு முழு திருப்தி ஆவலன்னா?" என்றேன்.

காகிதத்தை நாலாக மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. பேப்பர்ல இருந்தவருதான."

"சூளையப் பத்தி எனக்கு என்னா தெரியும்? நீங்க சொல்லுங்க, அது எழுதும்" என்று போனைக் காட்டினேன்.

அவருக்கு எழுத்து தெரியும். ஆனால் செங்கலும் களியும் பிடித்துத் தடித்துப்போன கட்டைவிரல், போனில் மூன்று எழுத்தை ஒரே நேரத்தில் அழுத்தும். எனக்குக் கண் மங்கத் தொடங்கியதிலிருந்து நானும் மைக்கைத் தொட்டுப் பேசித்தான் கடிதம் எழுதுகிறேன். அதையே அவருக்குச் செய்து கொடுத்தேன். அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு வரவில்லை. மைக் அணைந்தது.

"கோச்சுகிச்சா?"

"பேசலன்னா அணைஞ்சிடும். பேசுங்க."

"வணக்கம்ங்க மொதலாளி. நல்லா இருக்கீங்களா. வூட்ல எல்லாரும் சௌக்கியமா. நீங்க கூப்ட்டதுல ரொம்ப சந்தோஷம்ங்க. ஒங்க சூள நம்ம சூள மாதிரி..."

கூட வந்திருந்த தங்கை வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். "டீ சாப்டுதான்னு கேளுங்க அத" என்றாள்.

அன்று போன் எழுதியதை நான்கு முறை உருட்டிப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு முற்றுப்புள்ளி இல்லை. அதிலிருந்து எடுக்கக்கூடிய செய்தி ஒன்றுதான், மேஸ்திரி வேலையைப் பார்த்துச் செய்வார். நான் நிருபர்களிடம் கேட்பதுபோல் கேட்டேன். எத்தனை கல்? அது பாக்கணும் மச்சான். எத்தனை நாள்? அது வேலையப் பொறுத்து. எந்தச் சுவர்? அவர் கை தானாக எழுந்து, மேசைக்கு மேலே இல்லாத ஒரு சுவரைத் தடவியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதரை உட்கார வைத்த இடம் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை பேட்டைக்குப் போனோம். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். மேஸ்திரி சூளை வாசல் வழியாகக் குனிந்து உள்ளே போனார். நான் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். என்னையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார்.

"இடது செவுரு. உள்வரி மொத்தமும் போயிடுச்சு. கைய வச்சா மாவா கொட்டுது. ஒம்போது அங்குலத்துக்குப் புதுசா எடுக்கணும். வலது செவுரு நல்லா இருக்குது. கீழ நாலு வரி மாத்துனா போதும். மொத்தமும் பிரிக்கச் சொன்னா பிரிக்க மாட்டேன், அது ஒங்களுக்குத் தெண்டம். வாசல்ல ரெண்டு கல்லு ஒடஞ்சிருக்குது. மேல்வளைவு பூராவும் புதுசு. பதினோரு நாளு வேல. நானும் கூட ரெண்டு ஆளும்."

அவர் நிறுத்தும்போதெல்லாம் மைக் அணைந்தது. நான் மறுபடி தொட்டேன். அரைமணி நேரத்தில் வெளியே வந்தபோது தலையெல்லாம் செந்தூள். போனில் விழுந்திருந்ததைப் படித்தேன். நான் திருத்திய செய்திகளில் இவ்வளவு சுத்தமானவை குறைவு. ஒரு வணக்கம்கூட இல்லை.

இரண்டே இடத்தில் நழுவியிருந்தார். புகைபோக்கி பற்றி, "அத அப்ப பாத்துக்கலாம்." சிறு தீ பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று மாலை அவர் வீட்டில் வைத்துக் கேட்டேன்.

"பாத்துக்கலாம்னா யாரு பாக்கறது மாப்ள?"

"எல்லாத்தையும் இப்பவே புட்டுப் புட்டு வச்சா எவன் வேல குடுப்பான்? சேராது, செய்ய மாட்டேன்னு மொதல்லியே எழுதறதா? சகுனமே சரியில்ல."

"போன வருஷம் சகுனம் பாத்துதான் வாயால சொல்லிட்டு வந்தீங்க" என்றாள் தங்கை. "வெடிச்சப்போ அந்த சகுனம் வந்து சாட்சி சொல்லிச்சா?"

அவர் எழுந்து பின்பக்கம் போனார். குழாயில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, துடைக்காத கையோடு போனை எடுத்து, மைக்கை அவரே தொட்டார்.

"பொகபோக்கி இந்த வேலையில சேரல. பிரிச்சப்புறம் கெட்டிருந்தா காட்டுறேன், தனியா பேசிக்கலாம். வளைவு முடிஞ்சப்புறம் மூணு நாளு சின்ன தீதான். நாலாம் நாளு காலையிலதான் பர்னரத் தெறக்கணும். அதுக்கு முன்னாடி தெறந்தா வளைவு வெடிக்கும். வெடிச்சா அது என் வேல இல்ல."

நான் என் தொழிலைக் காட்டினேன். "குறிப்பிட்ட காலத்துக்கு முன் பர்னர் திறக்கப்பட்டால் ஏற்படும் சேதத்துக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பல்ல" என்று மாற்றி, படித்துக் காட்டினேன்.

"இது யாரு மச்சான் பேசறது?"

"நீங்கதான்."

"நா எப்ப இப்படிப் பேசுனேன்? இத அவரு படிச்சா வக்கீல் எழுதுனதும்பாரு. வளைவு வெடிக்கும்னாதான் அவரு காதுல வெடிக்கும்."

அவர் சொன்னது சரி. என் வாக்கியத்தை அழித்தேன். அவர் பேச்சில் நான் போட்டது முற்றுப்புள்ளியும் வரிசை எண்ணும் மட்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் அச்செடுத்துவிட்டு, "திருப்தி வரிய உட்டுட்டீங்களே, சேத்துடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

முதலாளியின் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கதவோரம் உட்கார்ந்தேன். முதலாளி காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"வேல கேக்க வந்தீங்களா மேஸ்திரி, நோட்டீஸ் குடுக்க வந்தீங்களா?"

"வேல கேக்கதாங்க."

"இன்னொருத்தரு குடுத்திருக்காரு பாருங்க. முழு திருப்திக்குன்னு எழுதியிருக்காரு. நீங்க, வெடிச்சா என் வேல இல்லன்னு எழுதியிருக்கீங்க. போன வருஷம் ஒன்னு வெடிச்சுதே, அது ஒங்களுதுதான?"

"அங்க ரெண்டாம் நாளே பர்னரத் தெறந்துட்டாங்க. அதனாலதான் எழுதியிருக்கேன்."

"அந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சிட்டுக் குடுங்க. நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்."

பேனாவை மேசையில் உருட்டிவிட்டார். அது மேஸ்திரியின் கைப்பக்கம் வந்து நின்றது. ஒரு கோடு போட்டால் பத்து மாத வேப்பூர் முடிந்துவிடும். நான் வாயைத் திறந்திருந்தால் அது என் பிடிவாதமாகியிருக்கும். கூலி நஷ்டமோ அவருடையது.

அவர் பேனாவைத் திருப்பி உருட்டினார். "அத அடிக்கணும்னா எல்லாத்தையும் அடிச்சிடுங்க மொதலாளி."

முதலாளி சிரித்தார். "பேப்பர் கெடக்கட்டும். வாங்க, சூளகிட்ட போயிப் பேசிக்கலாம்."

எனக்கு நம்பிக்கை போனது. சூளைக்கு முன்னால் நின்று இருபத்திரண்டு வருடம் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய் அது.

முதலாளி சுவரைத் தட்டினார். "பாத்து செஞ்சிடுங்க. மூணு நாளெல்லாம் எதுக்கு? ரெண்டு நாளு போட்டாலே காஞ்சிடாது?"

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மைக்கைத் தொட்டு, இருவருக்கும் நடுவில், முதலாளி பார்க்கும்படியே பிடித்தார். "பேசுனா எழுதிக்கும்ங்க. எத்தன நாளுன்னு சொல்லுங்க."

"ரெண்டு நாளு போதும்னுதான் சொல்றேன். நான் பாக்காத சூளையா?"

திரையில் இரண்டு வாக்கியமும் ஒட்டிக்கொண்டு வந்து நின்றன. மேஸ்திரி போனைத் திருப்பிக் காட்டினார். "நீங்க சொன்னது அப்படியே இருக்குது. இதையும் பேப்பர்ல சேத்துடலாம்ங்க. மேஸ்திரி மூணு நாளுன்னாரு, மொதலாளி ரெண்டு நாளுன்னாருன்னு. கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ரெண்டு நாளுலயே தெறந்துக்கங்க. நா ஒன்னும் சொல்லல."

குரலில் சூடு இல்லை. சுவரின் கனத்தைச் சொன்ன அதே குரல். முதலாளி தன் வார்த்தைகளைப் படித்தார். கைத்தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"அத எடுத்துடுங்க."

"எத்தன நாளுன்னு போடறதுங்க?"

"ஒங்க பேப்பர்ல இருக்கறதே இருக்கட்டும்."

கையெழுத்தைச் சூளையின் இரும்புக் கதவில் வைத்துப் போட்டார். பேனா ஓரிடத்தில் காகிதத்தைக் குத்திவிட்டது. போட்டு முடித்து, "போனு வச்சிருக்கற மேஸ்திரிகிட்ட இனிமே மூச்சு விடவும் யோசிக்கணும்போல" என்றார்.

"மூச்ச அது எழுதாதுங்க. வேலையத்தான் எழுதும்."

விஷயம் பேட்டையில் பரவியது. எழுதிக் கேட்கிற மேஸ்திரி நமக்கு வேண்டாம் என்று இரண்டு முதலாளிகள் சொன்னதாகக் காதில் விழுந்தது. தங்கையிடம் சொன்னேன். "அவங்க வூட்டு வளைவ அவங்களே கட்டிக்கட்டும்" என்றாள்.

பதினோரு நாள் என்று எழுதியது பன்னிரண்டாயிற்று. அந்த ஒரு நாளுக்கும் காரணத்தைப் பேசி எழுதிக் கொடுத்தார். பிறகு சிறு தீ போட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் பார்க்கப் போனேன். சூளை வாயில் நாலைந்து விறகுதான் எரிந்துகொண்டிருந்தது. சுடாத ஃப்யூஸ் கட்டைகள் சுவரோரம் தட்டுத் தட்டாக அடுக்கிக் காத்திருந்தன. முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் தெறந்தா என்னா ஆயிடப் போவுது" என்றார், யாரையும் குறிப்பிடாமல்.

மேஸ்திரி விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "பேப்பர்ல இருக்குதுங்க" என்றார்.

முதலாளி எழுந்து நாற்காலியை இன்னும் கொஞ்சம் நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்.