அடிச்சட்டத்துத் துரு

வாசல் கேட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரலில் ஒட்டிய துருவின் வாடை மூக்கில் ஏறியதும் நினைவில் ஐயம்பேட்டையின் பழைய கார் ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி, எனக்குப் பத்து வயது. அண்ணன் வீட்டிலேயே ஒரு கார் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் இன்ஜினையும் அடிச்சட்டத்தையும் வைத்துக்கொண்டு, மேல்கூட்டைத் தானே தகரத்தில் செய்வதாகத் திட்டம். அந்த ஷெட்டில் நின்ற காரின் இன்ஜின் சத்தத்திலேயே மயங்கிவிட்டான்.

"நீதான் பொடிசு. அடியில பூந்து துரு இருக்குதான்னு பாரு பாப்பா."

மல்லாந்து நுழைந்து சட்டத்தை அழுத்தினேன். அப்பளம்போல் உதிர்ந்தது. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது 'அறுந்தது' என்ற சொல்லை, அபசகுனம் என்று எங்கள் நெசவுத்தெருவில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். எதையாவது வாங்கப் போகும்போதும், குறை எதுவும் சொல்லிவிடக்கூடாது என்று அம்மா கண்டித்துத்தான் அனுப்புவாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்கிற? நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுண்ணா."

என் சொல்லை நம்பி, அடிச்சட்டத்தைத் திருப்பிப் பார்க்காமலே ஆறு மாதம் பாடுபட்டுக் கட்டினான். முதல்முறை ஓட்டிப்போனபோதே, ஓரிக்கை சாலையில் சட்டம் முறிந்து கார் கவிழ்ந்தது. அண்ணனின் வலது கால் அதோடு போயிற்று. அவனைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அடியில் கண்டதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

கட்டையை ஊன்றியபடி அண்ணன் வாசலுக்கு வந்தான்.

"துரு போயிடுச்சா பாப்பா?"

"இல்லண்ணா, உள்ள இருக்குது. நெறைய இருக்குது. அதுமேல சாயாதண்ணா."

"ஒரு கேட்டுக்கா இப்டி நடுங்குற?" என்று சிரித்தான்.