இரண்டு எஸ்எஸ்டியில் ஏற்றிய வீடியோக்கள்

கடக்வாஸ்லா அணையைத் திறந்ததில் ஆற்றோரச் சாலை மூழ்கிய வாரம்தான், என் மகன் தன் கேம் ஆடும் கம்ப்யூட்டரில், ஃபைல்களைச் சேமிக்கும் இரண்டு எஸ்எஸ்டிகளை, கேம் வேகமாக ஓட வேண்டுமென்று ஒன்றாக இணைத்தான். நான் வேலை பார்த்த வெடிமருந்து ஃபேக்டரியில் எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி இருக்கும். ஒன்று தொலைந்தால் இன்னொன்று. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, இறந்துபோன என் மனைவியின் வீடியோக்களை அதில் ஏற்றச் சொன்னேன். பிறகு போனில் இருந்ததை அழித்துவிட்டேன்.

தீபாவளிக்கு முன் ஓர் எஸ்எஸ்டி கெட்டுப்போனது.

"அதான் இன்னொண்ணு இருக்கேடா?" என்றேன்.

"அரே அப்பா, ஒவ்வொரு வீடியோவையும் பாதி இதுல, பாதி அதுல எழுதும். ஒண்ணு போனா எல்லாமே போச்சு."

"கேமாவது வேகமா ஓடுச்சா?"

"பெருசா வித்தியாசம் தெரியலப்பா."

நான் டீயைக் குடித்து முடித்தேன். உங்களுக்குத் தெரிந்து யாராவது இப்படி இணைத்திருந்தால், வேறு இடத்திலும் ஒரு காப்பி வைக்கச் சொல்லுங்கள்.